பால்கனியில் துண்டு தெரியும்வரை

அன்புள்ள பிரபு,

இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். உன் வீட்டில் வந்து தங்கியபோது பார்த்திருக்கிறேன், ஆபீஸ் ஆட்கள் பேசி அனுப்புவதையெல்லாம் அப்படித்தான் கேட்கிறாய். பாவம், எல்லோரும் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் மாதிரி பேசுகிறார்கள். நான் சொல்லப்போவதை அந்த வேகத்தில் கேட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது. அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்தை யாராலும் வேகமாகப் படிக்க முடியாது என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார். நலமா, சௌக்கியமா என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். நான் நலமாக இல்லை, நீயும் இல்லை. அது நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நித்யா மேல் நீ எழுதியிருக்கும் புகாரைப் படித்தேன். உன் அப்பாவோடு புதன்கிழமைதோறும் வீடியோவில் பேசிய மனநல ஆலோசகர் அவள். அவளைத் தேடிப் பிடித்து ஏற்பாடு செய்தவனும் நீதான். இப்போது அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு நீயே எழுதுகிறாய். கடைசி நாளன்று அவள் என்ன கேட்டாள், அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவளுடைய பேச்சுதான் அவர் மனசைக் கலக்கி மாரடைப்பில் கொண்டுபோய் விட்டது, அவளை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று. ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறாய். நான் போட மாட்டேன் பிரபு. நீயும் அதை அனுப்பக் கூடாது. ஏன் என்று போனில் சொல்ல வந்தபோதெல்லாம் உனக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுத முடியும், குறுக்கே பேச ஆளில்லை.

அப்பா ரிடையர் ஆகி, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருமுல்லைவாயிலில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு எப்படி ஆனார் என்பதை நீ போன் திரையில் மட்டும்தான் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து சிரிப்பார். நீ வைத்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். டேங்க் ஃபாக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய மனுஷர், அவர் பேசினால் கீழ் வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அப்படிப்பட்டவர் வாயே திறக்கவில்லை. குளிங்க என்றால் "இன்னாத்துக்கு?" என்பார். ஷேவ் பண்ணுங்க என்றால் அதே இன்னாத்துக்கு. உங்களுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்தால், தட்டைப் பார்த்தபடி அதே கேள்வி. கல்யாணமான புதிதில் இந்த இன்னா, கீது எல்லாம் கேட்டு, போளூர்க்காரியான நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்திருக்கிறேன். கடைசியில் அந்த ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று அவரிடம் எதையும் சொல்லவே பயந்தேன்.

நான் என்ன கண்டேன்? கேஸ் ட்ரபுள் என்று ஓமத் தண்ணீர் வைத்தேன். சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு என்று அம்பத்தூரில் உள்ள லேப் ஒன்று விடாமல் ரத்தம் கொடுக்க வைத்தேன். கண்திருஷ்டி என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். ஒரு டாக்டர்தான் கடைசியில் எல்லா ரிப்போர்ட்டையும் தள்ளி வைத்துவிட்டு, "அவருக்கு உடம்புல இல்லம்மா, மனச்சோர்வு. வயசானவங்களுக்கு நிறையப் பேருக்கு வருது. மாத்திரை தரேன், கூடவே இதுக்குன்னு படிச்சவங்க யாராவது உட்கார வச்சுப் பேசணும்" என்றார். மனநல மருத்துவர் என்ற பேச்சை எடுத்ததும் அப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே. என்னைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறாயா என்று கத்தினார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, கத்தவாவது செய்தாரே என்று. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள், வீடியோவிலேயே பேசலாம் என்று நீ கண்டுபிடித்துச் சொன்னாய். நல்ல காரியம் செய்தாய். இதை இப்போது நீயே மறந்துவிட்டாய், அதனால்தான் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

முதல் புதன்கிழமை நடந்த கூத்தை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நான் பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஹாலைத் துடைத்து, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, டேப்லெட்டை டீப்பாயில் சாய்த்து வைத்து, பக்கத்தில் பட்டுப் புடவையில் நானும் உட்கார்ந்துவிட்டேன். மடியில் ரிப்போர்ட் ஃபைல். அந்தப் பெண் மதுரையிலிருந்து பேசுகிறாள், உன் வயசுதான் இருக்கும். "எப்படி இருக்கீங்கய்யா?" என்று கேட்கிறாள். நான் ஈசிஜி தாளை எடுத்து கேமராவுக்கு நேரே பிடிக்கிறேன். தூக்கம் வருதாய்யா என்கிறாள், அவர் எத்தனை மணிக்குப் புரண்டு படுக்கிறார் என்று நான் சொல்கிறேன். பசிக்குதா என்று கேட்டதற்கும் நான்தான் பதில். அவர் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு அம்மாகூட எட்டிப் பார்த்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள். டாக்டரிடம் போனால் வீட்டுக்காரருக்காக மனைவிதான் பேச வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம், இது வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் நித்யா மெதுவாக, அடுத்த வாரத்திலிருந்து ஐயா தனியாகப் பேசட்டும் என்று சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆளிடம் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று அன்று முழுக்கப் பாத்திரங்களை டமடமவென்று போட்டேன்.

தனியாக என்றால் எங்கே தனி? உனக்குத்தான் தெரியுமே, ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கதவை மூடினாலும் அப்பாவின் குரல் அதற்குள் நிற்காது. ஆகவே நான் வெளியே போவது என்று முடிவாயிற்று. நான் எப்போது திரும்பி வருவது என்பது அடுத்த பிரச்சினை. போன் பண்ணலாம் என்றால் டேப்பும் போனும் குழம்பி அவருக்கு ஒன்றும் புரியாது. அப்போது அவரே ஒரு வழி சொன்னார். பேசி முடித்ததும் பால்கனிக் கம்பியில் தன் பச்சைக் கரை போட்ட துண்டைத் தொங்கவிடுவார், அதைப் பார்த்தால் நான் மேலே வரலாம். ஃபாக்டரியில் மெஷினை யாராவது பழுது பார்த்துக்கொண்டிருந்தால் அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்களாம், அது இருக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாதாம். இங்கே அது தலைகீழ். "துண்டு தெரியாத வரைக்கும் மேல வராதமே. ரிப்பேர் நடந்துகினு கீதுன்னு அர்த்தம்" என்றார். தன்னைப் பற்றி அவர் அடித்த முதல் கேலி அது. நான் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கீழே வேப்பமரத்தடியில் தேவகி இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள் இல்லையா, அங்கேதான் புதன்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு இடம். முதலில் நின்றுகொண்டிருந்தேன், பிறகு அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது பிரபு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாததை, பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் அவர் கொட்டுகிறார், நான் நடுத்தெருவில் உட்கார்ந்து பால்கனியைப் பார்க்கிறேன். ஆனால் வீட்டில் மாற்றம் தெரிந்தது. தானாகவே ஷேவ் செய்துகொண்டார். மார்க்கெட்டுக்குக் கூட வந்தார். ஒருநாள் குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டார், எனக்குப் போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது. ஒரு புதன்கிழமை மேலேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தேவகி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்லிச் சிரித்தார் என்று நான் மேலே போய்க் கேட்கவில்லை. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது, அது எனக்குப் போதும்.

அந்தக் கடைசி புதன்கிழமையைப் பற்றி இனி எழுத வேண்டும். வழக்கம்போல் கீழே போனேன். வழக்கமாகத் துண்டு வரும் நேரம் தாண்டியது. தேவகி, "இன்னாம்மா, நைனா இன்னிக்கு ஓயாம பேசுது போல கீதே" என்றாள். பேசட்டும் தேவகி என்றேன். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இன்று ஏதோ பெரிதாகச் சொல்கிறார், உன்னைப் பற்றித்தான் இருக்கும், சொல்லி முடித்தால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். தெருமுனைக்குப் போய்க் கீரை வாங்கி வந்தேன், துண்டு இல்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்தேன், துண்டு இல்லை. நிமிர்ந்து பார்ப்பதும் ஆய்வதுமாக முழுக் கட்டையும் ஆய்ந்து முடித்துவிட்டேன். முடித்த பிறகும், குறுக்கே போய்க் கெடுத்துவிடக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் கிடந்தார். டேப் எப்போதோ அணைந்திருந்தது. பேச்சு வழக்கமான நேரத்தில்தான் முடிந்திருக்கிறது. துண்டு அவர் கையில் இருந்தது.

நீ அன்று போனில் கேட்டாய், "ஏம்மா, ஒரு தடவை மேல போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று. நீ ஒரு தடவைதான் கேட்டாய், உடனே ஸாரிம்மா, ஸாரிம்மா என்று சொன்னாய். நான் அதைத் தினமும் கேட்கிறேன். நீ சொன்ன சொல்லுக்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் கேள்வி எனக்குள் உனக்கு முன்பே வந்துவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன், சொல்ல முடியாதும்மா என்றார்கள். அது யாருக்கும் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை. ஆனால் ஒன்று எனக்குப் புரிகிறது. என்னைக் கேட்க முடியாமல் நீ நித்யாவைக் கேட்கிறாய். அம்மா கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் என்பதைத் தாங்க முடியாமல், அந்தப் பெண் ஏதோ கேட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்கிறாய். என்னைக் காப்பாற்றுவதற்காக அவளைத் தண்டிக்காதே. என்மேல் கோபம் இருந்தால் என்னிடமே கோபப்படு, எனக்கு அதைத் தாங்கும் பலம் உண்டு.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு டேப் மணியடித்தது. அவளுக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று நம் யாருக்கும் தோன்றவில்லை. எடுத்தேன். என் நெற்றியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ இப்போது கேட்கிற அதே கேள்வியை நான் அன்றே அவளிடம் கேட்டேன், அன்று என்ன பேசினார், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை நான் சொல்ல முடியாதும்மா. உங்ககிட்டகூட சொல்லக் கூடாது. நல்லபடியா சிரிச்சுப் பேசிட்டுத்தான் வச்சாங்க, அது மட்டும் சொல்றேன்" என்றாள். பேச்சைப் பதிவு செய்வதும் கிடையாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டென்று அணைத்துவிட்டேன். இரண்டு நாள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு யோசித்தேன். யாரிடமும் போகாது என்று நம்பித்தானே அந்த மனுஷர் வாய் திறந்தார்? செத்துவிட்டார் என்பதற்காக அவர் பெட்டியை நாம் உடைத்துப் பார்க்கலாமா? அவர் ஃபாக்டரிக்குக் கொண்டுபோன பையைக்கூட நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், உன் மனைவியிடமும் சொல்லிவிடு, மறைக்க ஒன்றுமில்லை. இப்போது புதன்கிழமைகளில் நித்யாவிடம் நான்தான் பேசுகிறேன். காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, எனக்கும் அந்த இன்னாத்துக்கு வர ஆரம்பித்துவிட்டது. வேறொருவரை ஏற்பாடு செய்கிறேன் என்றாள், நீதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன் அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, தாராளமாகப் பேச முடியுமா என்று பார்த்துக்கொள்வதற்கு. "வீட்ல வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். அப்பாவிடமும் வாராவாரம் கேட்டிருப்பாள், அவரும் பதில் சொல்லியிருப்பார், நான் கீழே இருந்திருப்பேன். யாரும் இல்லைம்மா என்று சொன்னேன். சொல்லிவிட்டு அதற்கு மேல் அன்று என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை, நேரம் முடியும்வரை திரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் வேலைக்குத்தான் நீ உலை வைக்கப் பார்க்கிறாய்.

உன் பயம் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வருகிறாயா என்று அப்பா கேட்டார், மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்தாய், அப்புறம் கூப்பிடவில்லை. அதைச் சொல்லித்தான் கடைசியாக அழுதிருப்பாரோ என்று உனக்குள் அரிக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது தெரியாவிட்டாலும் செய்தது தெரியவரும். போன வாரம் தேவகியிடம் அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சு வந்தது, உன்னுடையதா என்று கேட்டேன். "என்துன்னு யாரு சொன்னா? நைனா எட்த்தாந்து குட்த்துதும்மா. எங்க ஊட்டுக்காரம்மா வெயில்ல நின்னுகினு கீது, அதுக்கு முட்டி வலி, நான் குட்த்தேன்னு சொல்லாத, நிழல் பாத்துப் போடுன்னு சொல்லிச்சு" என்றாள். நிமிர்ந்து உட்காரவே மனசில்லாத நாட்களில் அந்த மனுஷர் கடைக்குப் போய், நாற்காலி வாங்கி, தெருவில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். என்னைப் பற்றி மேலே என்ன பேசினார் என்று இனி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. உனக்கும் இப்படி ஏதாவது செய்து வைத்திருப்பார். அது எதிரே வரும் வரைக்கும் பொறுத்திரு, அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்காதே.

வருஷத் திதிக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாய். வரும்போது புதன்கிழமை ஒன்று நடுவில் வரும். நீ ஊரிலிருந்து வந்திருக்கிறாய் என்பதற்காக நான் நித்யாவோடு பேசுவதை நிறுத்த மாட்டேன், நீ ஹாலில் உட்கார்ந்து கேட்கவும் விட மாட்டேன். பெற்ற பிள்ளைதான், இருந்தாலும் வெளியே போ. தேவகி வண்டிக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிய நாற்காலி இருக்கிறது, உட்கார். போனை நோண்டிக்கொண்டிருக்காமல் அவ்வப்போது நிமிர்ந்து பால்கனியைப் பார். பேசி முடித்ததும் அவருடைய பச்சைக் கரைத் துண்டைக் கம்பியில் போடுகிறேன், பார்த்துவிட்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்.

துண்டு வர நேரமானால், அம்மா மனசுவிட்டுப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே கண்ணா. மேலே வந்துவிடு.

உன்
அம்மா